ரஜாய்க்கு எத்தனை மீட்டர் துணி வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தில்லியில் அக்டோபர் பாதி தாண்டினால் போதும், தெரிந்த தமிழ் வீடுகளிலிருந்து எனக்கு ஒரே கேள்வி வரத் தொடங்கிவிடும்: "எவ்வளவு துணி வாங்க?" மார்கழிக்கு ஒரு போர்வை போதும் என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே ஜனவரி ராத்திரியில் அந்தப் போர்வையை நாலாக மடித்துப் போர்த்தினாலும் கால் விறைக்கும். அதனால் சிலர் பஞ்சு அடைத்த ரஜாய் தைக்கிறார்கள். சிலர் துண்டு துணிகளை ஒட்டுப் போட்டு குயில்ட் தைக்கிறார்கள். கேட்கும் ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. ஆகவே கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, கீழே பதில் வைத்திருக்கிறேன்.

கணக்கு முழுவதும் இன்ச்சில் போட்டு, கடைசியில் மட்டும் மீட்டருக்கு மாற்றுங்கள். ஒரு மீட்டர் என்பது 39.37 இன்ச். மனக்கணக்குக்கு 39 என்று வைத்துக்கொள்ளலாம்.

சிங்கிள் ரஜாய்க்கு மொத்தம் எத்தனை மீட்டர்? ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க, போதும்.

ஒரே நம்பர் கிடையாது. ஒட்டு எதுவும் இல்லாத சாதா ரஜாய் உறையையே எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்த அளவு 60 × 90 இன்ச். தையலுக்கும் உள்ளே பஞ்சு உப்புவதற்கும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 63 × 94 வெட்ட வேண்டும். மேலும் கீழும் என்று இரண்டு பக்கம். பன்னா என்பது துணியின் அகலம். 44 இன்ச் பன்னா துணி என்றால் 10 மீட்டர் ஆகும். 58 பன்னா என்றால் 6¾ மீட்டர். பெட்ஷீட் தைக்க விற்கும் 108 பன்னா கிடைத்தால் 3½ மீட்டரில் வேலை முடிந்துவிடும்.

ரஜாய் ஒன்றுதான், ஆனால் பதில் மூன்று. "எத்தனை மீட்டர்" என்று கேட்பதற்கு முன்னால் "என்ன பன்னா" என்று கேட்க வேண்டும். இந்தப் பக்கத்தில் வரும் கணக்கெல்லாம் இதில்தான் தொங்குகிறது. மீட்டர் விலை குறைவு என்று 44 பன்னாவை எடுத்துவிட்டு, மொத்த பில்லில் அதிகம் கொடுப்பவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். விலையை ஒப்பிடும்போது மொத்த மீட்டரால் பெருக்கிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

பன்னா 44-ன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. வீட்டுல அளந்தா 43கூட இல்லையே?

துணியின் இரண்டு ஓரத்திலும் நெருக்கமாக நெய்த கரை இருக்கும். சில துணியில் அதில் மில் பெயர் அச்சடித்திருக்கும், ஊசித் துளை வரிசையும் தெரியும். கடைக்காரர் சொல்லும் பன்னா இந்தக் கரையையும் சேர்த்துத்தான். கரையைத் தையலுக்குள் கொண்டுவரக் கூடாது. துவைத்தால் அது தனியாக இழுத்துக்கொண்டு சுருங்கும். அதனால் 44 என்றால் 42, 58 என்றால் 56, 36 என்றால் 34 என்று இரண்டு இன்ச் கழித்தே கணக்குப் போடுங்கள்.

கைத்தறியில் சொல்லும் பன்னாவை நம்பவே வேண்டாம். ஒரே கட்டில் இந்த முனை 45, அந்த முனை 44 என்று இருக்கும். பையில் ஒரு இன்ச் டேப் போட்டுக்கொண்டு போங்கள். நேரு பிளேஸிலும் சங்கர் மார்க்கெட்டிலும் "பன்னா கித்னா ஹை?" என்று கேட்டுவிட்டு நீங்களே டேப்பை விரித்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சாந்தினி சௌக் பக்கம் பழைய கடைகளில் பேச்சு வழக்கில் கஜம் என்று சொல்வார்கள். ஒரு கஜம் 36 இன்ச்தான். பத்து மீட்டர் என்று நினைத்துப் பத்து கஜம் வாங்கி வந்தால் முக்கால் மீட்டருக்கு மேல் குறையும். பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எங்க கட்டில் 60 × 78. ரஜாயும் அதே அளவா தைக்கணுமா?

அப்படித் தைத்தால் இரண்டு பேரில் ஒருவர் ராத்திரி முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டு படுக்க வேண்டியதுதான். மெத்தையின் அகலத்தோடு இரண்டு பக்கமும் தொங்குவதற்கு 12 முதல் 15 இன்ச் சேர்க்க வேண்டும். நீளத்தில், கால் பக்கம் செருகவும் தோள் வரை இழுத்துக்கொள்ளவும் சேர்த்து 15 முதல் 22 இன்ச். உங்கள் கட்டிலுக்கு 90 × 100 சரியாக இருக்கும். 36 × 75 சிங்கிள் மெத்தைக்கு 60 × 90. குழந்தைக்கு 45 × 60 வைத்தால் பள்ளிக்கூடம் போகும் வயசு வரை ஓடும்.

மெத்தை எட்டு இன்ச்சுக்கு மேல் உயரம் என்றால் தொங்கலை இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். இனிமேல் வரும் உதாரணங்களில், வேறு சொல்லாதவரை, 60 × 90 என்ற சிங்கிள் அளவையே எடுத்துக்கொள்கிறேன்.

வாங்கின துணியை துவைச்சுட்டு வெட்டணுமா? அப்படியே வெட்டினா என்ன?

காட்டன் துணி முதல் துவையலில் பொதுவாக நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும். கைத்தறி, கதர் இன்னும் கொஞ்சம் கூட. ஐந்து என்று வைத்தால் மீட்டருக்கு 5 சென்டிமீட்டர். பத்து மீட்டர் துணியில் அரை மீட்டர் காணாமல் போகும். பன்னாவும் சுருங்கும், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

வேறு வேறு துணிகளைச் சேர்த்துத் தைப்பதானால் துவைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஒன்று சுருங்கி ஒன்று சுருங்காமல் போனால் ஒட்டுகள் எல்லாம் இழுத்துக்கொண்டு நிற்கும். சிவப்பு, கருநீலம், சுங்குடி, அஜ்ரக் மாதிரித் துணிகளைத் தனியாக நனைத்து, தண்ணீர் தெளியும் வரை அலச வேண்டும். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பதை நம்பி ஒரே அலசலோடு விட்டுவிடாதீர்கள். அப்புறம், கடையில் கோணலாக வெட்டித் தந்திருந்தால் அதை நேராக்கவே நாலைந்து சென்டிமீட்டர் போகும். ஆக, கணக்கில் வரும் எண்ணோடு சுருக்கத்துக்கு நூற்றுக்கு 5, கோணலுக்கு 5 சென்டிமீட்டர் சேர்த்து, அதற்கு மேல் வரும் கால் மீட்டருக்கு முழுதாக்கி வாங்குங்கள்.

சதுரம் சதுரமா ஒட்டுப் போடப் போறேன், ரெண்டு கலர். மொத்தப் பரப்பளவைக் கண்டுபிடிச்சு துணிப் பரப்பால வகுத்தா வந்துடுமே, இதுல என்ன பெரிய கணக்கு?

பள்ளிக்கூடக் கணக்குக்கு அது சரி. 60 × 90 என்றால் 5400 சதுர இன்ச். 44 பன்னாவில் ஒரு மீட்டர் என்பது 42 × 39.37, அதாவது சுமார் 1650 சதுர இன்ச். வகுத்தால் 3.3 மீட்டர் வரும். அதை நம்பி இரண்டு கலரிலும் ஒண்ணே முக்கால் மீட்டர் வாங்கினால், கடைசி மூன்று வரிசைக்குத் துணி இருக்காது.

இப்போது வெட்டுகிற மாதிரியே எண்ணிப் பார்ப்போம். முடிந்த சதுரம் 6 இன்ச். நாலு பக்கமும் தையலுக்குக் கால் இன்ச் விட வேண்டும் என்பதால் வெட்டுவது 6½. அகலத்தில் 10, நீளத்தில் 15, மொத்தம் 150 சதுரம், ஒரு கலருக்கு 75. துணியைக் குறுக்காக 6½ இன்ச் உயரப் பட்டைகளாக வெட்டுவோம். ஒரு பட்டையில் எத்தனை சதுரம் விழும்? 42-ஐ 6½ ஆல் வகுத்தால் 6.46. அந்தப் புள்ளிக்குப் பின்னால் வரும் துண்டால் யாருக்கும் பிரயோஜனமில்லை, ஆகவே 6. ஒரு கலருக்கு 75 சதுரம் வேண்டுமானால் 75 ÷ 6 = 12½, அதாவது 13 பட்டை. 13 × 6½ = 84½ இன்ச், 2.15 மீட்டர். சுருக்கமும் கோணலும் சேர்த்தால் 2.3 ஆகும், 2½ வாங்குங்கள். இரண்டு கலருக்கு மொத்தம் 5 மீட்டர்.

பரப்பளவு சொன்ன 3.3 எங்கே, இந்த 5 எங்கே! கொஞ்சம் தையலுக்குள் போகிறது, கொஞ்சம் பட்டையின் வால் துண்டாகப் போகிறது. பரப்பளவை மறந்துவிட்டுப் பட்டையை எண்ணுங்கள். பட்டைக்குள் எத்தனை என்று வரும்போது கீழே குறையுங்கள், எத்தனை பட்டை என்று வரும்போது மேலே கூட்டுங்கள்.

ஒவ்வொரு பட்டையிலயும் மூணு இன்ச் வீணாப் போகுது. அதைத் தடுக்க வழி இருக்கா?

இருக்கிறது. சதுரத்தின் அளவைப் பன்னாவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 42-ஐ மிச்சமில்லாமல் வகுக்கும் எண்கள் 6, 7. வெட்டும் சதுரம் 7 என்று வைத்தால் பட்டைக்கு 6 சரியாக உட்காரும். முடிந்த சதுரம் 6½ ஆகும். அகலத்தில் 9, நீளத்தில் 14 வைத்தால் 58½ × 91 வரும். மேலே சொன்ன அளவுக்கு ஒன்றரை இன்ச் இப்படி அப்படி, அவ்வளவுதான். ஒரு கலருக்கு 63 சதுரம், 11 பட்டை, 77 இன்ச். சேர்க்க வேண்டியதைச் சேர்த்த பிறகும் 2¼ மீட்டர் போதும். ஒரு கலருக்குக் கால் மீட்டர் மிச்சம், தையலும் 24 சதுரம் குறைவு.

ஒரு எச்சரிக்கை. துவைத்த பிறகு பன்னா 41½ ஆகிவிட்டால் பட்டைக்கு ஆறாவது சதுரம் கிடைக்காது. அப்போது 13 பட்டை வேண்டும், வாங்கிய துணி போதாது. கைத்தறி என்றால் இந்த விளையாட்டே வேண்டாம், 6½-லேயே இருங்கள். மில் துணி என்றாலும் வெட்டும் முன் இரண்டு மூன்று இடத்தில் அளந்து பாருங்கள்.

ரெண்டு கலர் இல்ல, எட்டு கலர் வேணும். மொத்தத்தை எட்டால வகுத்தா சரியா?

மறுபடியும் பட்டைதான். 150-ஐ எட்டால் வகுத்தால் கலருக்கு 19 சதுரம். பட்டைக்கு 6 என்றால் 19-க்கு நாலு பட்டை வேண்டும். நாலாவது பட்டையில் ஒரே ஒரு சதுரத்தை வெட்டிவிட்டு மீதியைப் பையில் போடுவீர்கள். கலருக்கு முக்கால் மீட்டர், எட்டுக்கு 6 மீட்டர்.

அதையே கலருக்கு 18 என்று வையுங்கள். மூன்றே பட்டை, 19½ இன்ச், 60 சென்டிமீட்டர் தாராளம். எட்டுப் பதினெட்டு 144. பாக்கி 6 சதுரத்தை உங்களுக்குப் பிடித்த கலரில் கூடுதலாக ஒரு பட்டை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு கலரில் 60 சென்டிமீட்டர், ஒன்றில் 75. மொத்தம் 5 மீட்டருக்குள் முடிகிறது. ஒரு சதுரம் குறைத்ததில் ஒரு மீட்டர் மிச்சம். சில கடைகளில் அரை மீட்டர், ஒரு மீட்டர் என்றுதான் வெட்டுவார்கள். பேசிப் பாருங்கள், ஏழெட்டுத் துணி எடுக்கும்போது 60 வெட்ட மாட்டேன் என்று சொல்பவர்கள் குறைவு.

அடித்துணிக்கு எவ்வளவு? அது ஒரே துணிதானே, மேல் அளவே போதும்தானே?

குயில்ட்டுக்கு அடித்துணி மேல்துணியைவிட நாலு பக்கமும் 4 இன்ச் பெரிதாக இருக்க வேண்டும். மேல்துணி, நடுவில் வைக்கும் அடுக்கு, அடித்துணி என்று மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது மேல்துணி நகர்ந்துகொண்டே போகும். ஆக 68 × 98.

44 பன்னாவில் ஒரே அகலம் பற்றாது. நீளவாக்கில் இரண்டு 98 சேர்த்தால் 196 இன்ச், 5 மீட்டர். சுருக்கத்தோடு 5½ வாங்குங்கள். 58 பன்னாவில் குறுக்காகத் திருப்புங்கள். 68 இன்ச் நீளத் துண்டு இரண்டை ஒன்றின் கீழ் ஒன்றாக இணைத்தால் 136 இன்ச், 3½ மீட்டர், சுருக்கம் சேர்த்து 3¾. அதையே நீளவாக்கில் போட்டால் மறுபடியும் 5 மீட்டர் ஆகும். ஒவ்வொரு முறையும் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்துவிட்டுக் குறைந்ததை எடுக்க வேண்டும். 108 பன்னா என்றால் இணைப்பே இல்லாமல் 2 மீட்டருக்குள்.

90 × 100 டபுளுக்கு அடித்துணி 98 × 108. 44 பன்னாவில் குறுக்காக மூன்று துண்டு, சுருக்கத்தோடு 8 மீட்டர். 58-ல் குறுக்காக இரண்டு, 5¼ முதல் 5½. 108-ல் 3 மீட்டர். டபுளுக்கு 44 பன்னா அடித்துணி போடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

அம்மாவோட பழைய காட்டன் புடவை இருக்கு. அது ஒண்ணு போதுமா? பாட்டியோட ஒன்பது கஜம்னா?

இந்தக் கேள்வி வந்தால் எனக்குச் சந்தோஷம். அடித்துணிக்குப் புடவையைப் போல எதுவும் இல்லை. பல துவையல் கண்டு மெத்தென்று ஆகியிருக்கும், இனிமேல் சுருங்காது, சாயமும் போகாது. வங்காளத்துக் காந்தா, மகாராஷ்டிரத்துக் கோதடி, வட கர்நாடகத்துக் கௌதி என்று கையால் தைக்கும் போர்வைகள் எல்லாமே பழைய புடவையிலும் வேஷ்டியிலும் பிறந்தவைதான்.

ஆறு கஜம் என்றால் 5½ மீட்டர், அகலம் 45 இன்ச் பக்கம். நடுவில் குறுக்காக வெட்டினால் 108 இன்ச் நீளத்தில் இரண்டு துண்டு. பக்கத்தில் பக்கமாக இணைத்தால் 89 × 108. நமக்கு வேண்டிய 68 × 98 போக மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சம் முக்கியம். புடவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தேய்வதில்லை. உட்காரும் இடமும், ஃபால்ஸ் தைத்த கீழ் ஓரமும்தான் முதலில் போகும். முந்தானைப் பக்கம் புதிதாகவே இருக்கும். ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் சல்லடை மாதிரி தெரியும் இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு ஒதுக்கிவிடுங்கள். ஜரிகைக் கரையையும் எடுத்துவிடுங்கள், கழுத்தில் உராயும்.

ஒன்பது கஜம் என்றால் 8.2 மீட்டர். மூன்றாக வெட்டினால் 107 இன்ச்சில் மூன்று துண்டு, இணைத்தால் 130 இன்ச்சுக்கு மேல் அகலம். டபுள் ரஜாய்க்கே ஒரு பக்கம் முழுதாக வந்துவிடும். எட்டு முழ வேஷ்டியும் நல்ல சரக்கு. 3.6 மீட்டர் நீளம், 50 இன்ச் அகலம். இரண்டாக வெட்டி இணைத்தால் 70 × 99. சிங்கிள் அடித்துணிக்கு அளவெடுத்த மாதிரி உட்காரும். நாலு முழம் ஒன்று மட்டும் பற்றாது.

உள்ளே பஞ்சு வச்சாலும் வாடிங் வச்சாலும் துணிக் கணக்கு ஒண்ணுதானா?

இல்லை. பஞ்சு அடைத்தால் துணி இழுத்துக்கொள்ளும். சிங்கிளுக்கு 2 முதல் 2½ கிலோ, டபுளுக்கு 3 முதல் 4 கிலோ பஞ்சு போடுவது வழக்கம். அவ்வளவு பஞ்சு உள்ளே போய், மேலே தாகா (நூல் தையல்) போட்டு இழுத்த பிறகு, தட்டையாக இருந்தபோது 62 இருந்த அகலம் 60 பக்கம் வந்து நிற்கும். முதல் பதிலில் 63 × 94 என்று சொன்னது அதனால்தான். அடித்த பஞ்சு மெல்லிய மல் துணி வழியே இழை இழையாக வெளியே வரும். அதனால் பஞ்சுக்கென்று காடாத் துணியில் ஓர் உள் உறை, அதற்கு மேல் கழற்றித் துவைக்க வெளி உறை என்று இரண்டாகத் தைப்பது நல்லது. அப்படியானால் துணி இரண்டு மடங்கு. ஊரிலிருந்து வந்த புதிதில் பலர் இதைக் கணக்கில் சேர்க்காமல் துணி வாங்கிவிடுகிறார்கள். பஞ்சடிக்கும் கடைக்குப் போனபின், "கோல் (வெளி உறை) மட்டும் கொண்டு வந்திருக்கிறீர்களே, உள்ளே போட அஸ்தர் (உள் உறை) எங்கே" என்ற கேள்வியைக் கேட்டு முழிக்கிறார்கள்.

வாடிங் தட்டையான சீட். மெத்தை, தலையணைக்குச் சரக்கு விற்கும் கடைகளில் ரோலாகக் கிடைக்கும். அதையும் அடித்துணி மாதிரியே 68 × 98 வாங்க வேண்டும். 60 இன்ச் ரோலில் குறுக்காக இரண்டு துண்டு, 3½ மீட்டர். பாலியஸ்டர் வாடிங் சுருங்காது, அதற்கு நூற்றுக்கு 5 சேர்க்க வேண்டாம். இரண்டு துண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றித் தைக்காதீர்கள், மேடு தட்டும். ஓரத்தோடு ஓரம் வைத்துக் கையால் பெரிய தையலாகப் போட்டால் போதும்.

ஓரப்பட்டி?

சுற்றளவு 60 + 90 + 60 + 90 = 300. மூலைக்கும் முடிக்கும் இடத்துக்கும் 12 சேர்த்து 312. 2½ இன்ச் அகலப் பட்டைகள், இணைப்பில் போவது போக ஒன்றில் 40 இன்ச் தேறும். 8 பட்டை, 20 இன்ச், 60 சென்டிமீட்டர் வாங்குங்கள். ஓரம் நேராக இருக்கும்வரை கிராஸாக, அதாவது சாய்வாக, வெட்ட வேண்டியதில்லை. மூலையை வளைவாக வெட்டினால் மட்டும் கிராஸ் பட்டி வேண்டும், அதற்கு ஒரு மீட்டர்.

சுத்தி அஞ்சு இன்ச் பார்டர் வைக்கணும். கடைக்காரர் ரெண்டரை மீட்டர் எடுங்கங்கறார், பக்கத்து வீட்டு அக்கா ஒரு மீட்டர் போதும்ங்கறாங்க. யார் சொல்றது சரி?

இரண்டு பேரும் சரி. அக்கா சொல்வது குறுக்காக வெட்டி இணைப்பது. பார்டரின் மொத்த நீளம் 90 + 90 + 50 + 50 = 280. 42 இன்ச் பட்டை 7, ஒவ்வொன்றும் 5½ உயரம், 38½ இன்ச். அதுதான் அக்காவின் ஒரு மீட்டர். சுருக்கமும் கோணலும் சேர்த்தால் 1¼ வாங்க வேண்டும். கடைக்காரர் சொல்வது இணைப்பே இல்லாமல் நீளவாக்கில் 90 இன்ச்சை ஒரே துண்டாக எடுப்பது.

சாதாத் துணி, பொடிப் பூத் துணி என்றால் இணைப்பு கண்ணுக்கே தெரியாது, அக்கா வழியில் போங்கள். கோடு போட்டது, கொடி ஓடுவது என்றால் கடைக்காரர் வழி. நீளவாக்கில் நாலு பார்டர் எடுத்தது போக 20 இன்ச் அகலத்தில் நீளமான துண்டு ஒன்று மிஞ்சும். அதை நடுச் சதுரங்களுக்கு வெட்டிக்கொண்டால் அதுவும் வீணில்லை.

சதுரத்தை முக்கோணமா வெட்டிச் சேர்க்கிறேன். அதே துணிதானே, கூட எதுக்கு?

சாய்வாக ஒரு தையல் கூடுகிறது. அதனால் வெட்டும் சதுரம் முடிந்த அளவைவிட ⅞ இன்ச் பெரிதாக இருக்க வேண்டும். 6-க்கு 6⅞. நான் 7 ஆகவே வெட்டி, தைத்த பிறகு சரிசெய்யச் சொல்வேன். இரண்டு கலரிலும் ஒவ்வொரு சதுரம் எடுத்து, இரண்டு முக்கோணச் சதுரம் செய்யலாம். 150 வேண்டுமென்றால் கலருக்கு 75, பட்டைக்கு 6, 13 பட்டை, 91 இன்ச். வாங்குவது 2½ மீட்டர், அது சரியாகத்தான் இருக்கும், முதல் தடவை தைப்பவர் 2¾ எடுக்கலாம். பன்னா 42-க்குக் குறையக் கூடாது என்ற எச்சரிக்கை இங்கேயும் உண்டு.

கலம்காரி பிரிண்ட்ல பெரிய மயில் இருக்கு. ஒவ்வொரு சதுரத்துலயும் மயில் நடுவுல வரணும். எவ்வளவு வாங்க?

இங்கே பட்டைக் கணக்கு செல்லாது. கடையிலேயே துணியை விரித்து மயிலை எண்ணுங்கள். அகலத்தில் 3 மயில், நீளத்தில் 16 இன்ச்சுக்கு ஒரு முறை அதே வரிசை திரும்ப வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 மயில் வேண்டுமானால் 7 வரிசை, 112 இன்ச், 2.85 மீட்டர். 3¼ வாங்குங்கள். கரையோரத்தில் பாதியாக நிற்கும் மயிலை எண்ணாதீர்கள். இரண்டு மயிலுக்கு நடுவே உங்கள் சதுரத்துக்கு இடம் இருக்கிறதா என்றும் டேப் வைத்துப் பாருங்கள். 6½ இன்ச் சதுரத்துக்கு 5 இன்ச் இடைவெளியில் மயில் நின்றால், ஒன்றை எடுக்கும்போது பக்கத்து மயிலின் தலை போய்விடும்.

ஒரே திசையில் பார்க்கும் யானை, மரம் போன்ற அச்சுக்கும் கூடுதல் துணி வேண்டும், ஏனென்றால் துண்டைத் திருப்பிப் போட முடியாது. அடித்துணியில் அப்படிப்பட்ட பெரிய அச்சு இருந்தால், இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு அச்சு நீளம் சேர்த்து வாங்குங்கள்.

யூடியூப்ல பார்த்த டிசைன்ல எல்லாம் கஜத்துலயும் ஃபேட் குவார்ட்டர்லயும் சொல்றாங்க. நம்ம கடையில என்னன்னு கேக்கறது?

அமெரிக்கக் கணக்கில் ஒரு கஜம் 0.91 மீட்டர். அவர்கள் 3½ என்றால் நமக்கு 3.2 மீட்டர். ஆனால் மாற்றாமல் அப்படியே 3½ மீட்டர் வாங்கிவிடுங்கள். கிடைக்கும் அந்த ஒன்பது சதவீதம் சுருக்கத்துக்கும் கோணலுக்கும் சரியாகப் போகும். அந்த டிசைன்கள் 42 முதல் 44 பன்னாவை நினைத்து எழுதப்பட்டவை. நீங்கள் கன்னாட் பிளேஸ் கதர் பவனில் 36 பன்னாத் துணி எடுத்தால் கால் பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஃபேட் குவார்ட்டர் என்பது 18 × 22 இன்ச் துண்டு. அதைத் தனியாகத் தேட வேண்டாம். 44 பன்னாவில் அரை மீட்டர் வாங்கி நடுவில் வெட்டினால் இரண்டு கிடைக்கும், உயரம் ஒன்றரை இன்ச் கூடவே.

கட்பீஸ் கிலோ கணக்குல தர்றாங்க. ஒரு குயில்ட்டுக்கு எத்தனை கிலோ?

பாப்ளின் மாதிரித் துணி ஒரு சதுர மீட்டர் 120 கிராம் பக்கம் இருக்கும். அப்படியானால் கிலோவுக்கு 8 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, 44 பன்னாவில் ஏழரை மீட்டர் மாதிரி. 60 × 90 மேல்துணிக்கு வெட்டுச் சேதத்தோடு 4.3 மீட்டர் போகிறது என்று மேலே பார்த்தோம், அதன் எடை 600 கிராமுக்குள். ஆனால் கட்பீஸ் என்பது கோணல் மாணலாக, அக்குள் வெட்டும் கழுத்து வெட்டுமாக வரும். பாதிதான் தேறும் என்று வைத்து ஒண்ணேகால் கிலோ வாங்குங்கள். மூட்டையை அப்படியே எடை போட விடாமல் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். மேலே காட்டனும் அடியில் வழவழவென்று பாலியஸ்டருமாக வைத்திருப்பார்கள். கனத்த டெனிம் ஒன்றிரண்டு கலந்தாலும் எடை ஏறிவிடும், துணி குறைந்துவிடும்.

எல்லாம் கணக்குப் பண்ணியும் கடைசியில ஒரு வரிசைக்குத் துணி பத்தலை. கடையில போய்க் கேட்டா அதே கலர் இல்லைங்கறான். இப்ப என்ன பண்றது?

இருந்தாலும் அதே கலராக இருக்காது. சாயம் ஒவ்வொரு தொட்டிக்கும் கொஞ்சம் மாறும். கடை விளக்கில் ஒன்றாகத் தெரிந்தது வீட்டு வெயிலில் இரண்டாகத் தெரியும். கட்டாயம் அதுதான் வேண்டுமென்றால் ஒரு துண்டை எடுத்துப் போய்க் கடை வாசலில், பகல் வெளிச்சத்தில் ஒட்டிவைத்துப் பாருங்கள். துவைத்த துண்டாக எடுத்துப் போங்கள்.

இல்லையென்றால் துணியைத் தேடாமல் அளவைக் குறைத்துவிடலாம். 15 வரிசைக்குப் பதில் 14 வைத்தால் நீளம் 84 இன்ச். தலை பக்கமும் கால் பக்கமும் மட்டும் வேறு துணியில் 3 இன்ச் பார்டர் வைத்தால் பழையபடி 90 வந்துவிடும். 3½ இன்ச் உயரத்தில் நாலு பட்டை, 14 இன்ச், அரை மீட்டர் துணி. அடித்துணியில் மிஞ்சிய துண்டே அதற்குப் போதும், முதலில் அதை எடுத்து அளந்து பாருங்கள்.